ஏன் பழுதானது என்று யாரும் எழுதவில்லை

விமானி அறைக்குள் நுழைந்ததும் என் கை முதலில் டெக் லாக்கைத் தேடும். தொழில்நுட்பப் பதிவேடு என்று தமிழில் சொல்லலாம். எங்களுக்குள் அது எப்போதும் டெக் லாக்தான். முந்தைய விமானிகள் கண்ட பழுதுகளும், அவற்றுக்குப் பொறியாளர்கள் எழுதிய பதில்களும் அதில் வரிசையாக இருக்கும். இன்னும் சரிசெய்யப்படாமல் ஒத்திவைக்கப்பட்டவை தனிப் பட்டியலாக இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கேப்டன் கையெழுத்துப் போட்டால், விமானத்தை இப்போது இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொண்டார் என்று பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் அந்தப் பட்டியலில் இரண்டு பதிவுகள் இருந்தன. ஏற்கெனவே ஒன்றரை மணி நேரத் தாமதம். முதல் பதிவு ஏ.பி.யூ. பற்றியது. வால்பகுதியில் இருக்கும் சிறிய துணை எஞ்சின் அது. தேவைப்படும்போது மின்சாரமும் அழுத்தக் காற்றும் தரும். அது இல்லாமல் பறப்பது எங்களுக்குப் பழக்கமானதுதான். இரண்டாவது பதிவு, வலதுபக்கப் பாக். எஞ்சினிலிருந்து வரும் சூடான அழுத்தக் காற்றைக் குளிர்வித்துப் பயணிகள் அறைக்கு அனுப்பும் இயந்திரத்துக்கு அந்தப் பெயர். விமானத்தில் இரண்டு பாக்குகள் உண்டு. ஒன்று நின்றாலும் பறக்க அனுமதி இருக்கிறது. பறக்கும் உயரத்துக்கு மட்டும் வரம்பு வைப்பார்கள்.

இரண்டுமே விதிக்கு உட்பட்டவை. நான் பேனாவை எடுத்துவிட்டேன். பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டும் பழக்கம் இல்லாதிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

முந்தைய இரண்டு நாட்களில் அதே பாக் மூன்று முறை அளவுமீறிச் சூடாகி நின்றிருந்தது. மூன்று முறையும் பதில் ஒன்றுதான்: மீட்டமைக்கப்பட்டது, தரையில் சோதித்தபோது இயல்பாக இயங்கியது. நான்காவது முறை நின்றபோது ஒத்திவைத்துவிட்டார்கள். பழுது எழுதப்பட்டிருந்தது, நடவடிக்கை எழுதப்பட்டிருந்தது. ஏன் பழுதானது என்று யாரும் எழுதவில்லை.

பொறியாளரை மேலே அழைத்துக் கேட்டேன். அவர் அன்று காலையிலிருந்தே வேலையில் இருப்பது முகத்தில் தெரிந்தது.

“ஏன் சூடாகிறது என்று தெரிந்ததா?”

“சென்சாராக இருக்கலாம், கேப்டன். திறந்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை. விதிப்படி ஒத்திவைக்கலாம், பத்து நாள் இருக்கிறது.”

“பாக்கிலேயே கோளாறா, அதற்கு வரும் காற்றே அளவுக்கு மேல் சூடாக வருகிறதா?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அதைப் பார்க்கவில்லை, கேப்டன்” என்றார். அந்த நேர்மைக்காக அவரை இன்றும் மதிக்கிறேன். ‘பார்த்தாயிற்று’ என்று சொல்லியிருந்தால் நான் புறப்பட்டிருப்பேன்.

இதை வாசிக்கும் பயணிகள் பலருக்கு, பழுதான கருவியோடு விமானம் புறப்படுகிறது என்பதே அதிர்ச்சியாக இருக்கும் என்று தெரியும். அதனால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பயணிகள் விமானத்தில் முக்கியமான எதுவும் ஒன்றே ஒன்றாக இருப்பது அரிது. ஜெனரேட்டர்கள் பல, ஹைட்ராலிக் அமைப்புகள் பல, வேகமானிகள் பல. அவற்றில் எது எத்தனை இயங்காத நிலையில், எந்த நிபந்தனைகளோடு, எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் ஆவணத்தின் பெயர் குறைந்தபட்சக் கருவிப் பட்டியல். எம்.இ.எல். என்று சுருக்கிச் சொல்வோம். ஒரு விமான வகைக்கான மூலப் பட்டியலை, அந்த வகைக்குச் சான்றளித்த நாட்டின் ஒழுங்குமுறை ஆணையம் அங்கீகரிக்கும். அதை வைத்து ஒவ்வொரு விமான நிறுவனமும் தனக்கான பட்டியலை எழுதி ஒப்புதல் வாங்கும். அது மூலத்தைவிடக் கடுமையாக இருக்கலாம், தளர்வாக இருக்கக் கூடாது.

ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு காலக்கெடு உண்டு. பி வகை என்றால் கண்டுபிடித்த நாளை விட்டு 3 நாட்கள். சி வகைக்கு 10, டி வகைக்கு 120. ஏ வகைக்கு அந்தந்தப் பதிவிலேயே கெடு எழுதியிருக்கும். சில பதிவுகளுக்குப் பொறியாளர் முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை இருக்கும். சிலவற்றுக்கு விமானிகள் பறக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய தனி நடைமுறை இருக்கும். வானிலை ரேடார் இல்லையென்றால் இடிமேகம் எதிர்பார்க்கப்படும் வழியில் போகக் கூடாது என்பதுபோல.

இந்த ஏற்பாட்டை நான் மனதார நம்புகிறேன். இது இல்லாவிட்டால், ஒரு படிப்பு விளக்கு எரியாததிலிருந்து எரிபொருள் பம்பு ஓடாததுவரை எல்லாவற்றையும் அந்தந்தக் கேப்டன் அந்த நேரத்து மனநிலையில் தீர்மானிக்க நேரிடும். ஐந்து ஒத்திவைப்புகள் இருந்த விமானத்தை ஐந்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்ட நாட்களும் எனக்கு உண்டு. ஐந்துக்கும் காரணம் தெரிந்திருந்தது. எதுவும் எதோடும் தொடர்பில்லாதது. வானம் தெளிவாக இருந்தது. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படும் கேப்டன் பக்கத்தில் நான் நிற்கவில்லை.

என் கவலை வேறு. பட்டியல் ஒவ்வொரு பழுதையும் தனித்தனியாக எடைபோடுகிறது. இரண்டு பழுதுகள் சேர்ந்தால் என்ன ஆகும், அந்தக் கூட்டு விமானிகளின் வேலைப்பளுவை எப்படி மாற்றும் என்பதையும் கருத வேண்டும் என்று பட்டியலின் முன்னுரைகளே சொல்கின்றன. அந்த வேலையைப் பட்டியல் செய்துதராது. இன்னொன்றையும் அது செய்யாது: நாம் ஒத்திவைப்பது பழுதையா, பழுதின் அறிகுறியையா என்று அது கேட்பதில்லை. விசையே உடைந்துபோய்க் கையில் வந்துவிட்டால் காரணம் கண் முன்னால் இருக்கிறது. ஒரு கருவி தானாக நின்று, தானாக உயிர்பெற்று, மறுபடி நின்றால் நம் கையில் இருப்பது அறிகுறி மட்டுமே. பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கட்டம், ஒரே மாதிரி எழுத்துகள்.

இந்த வேறுபாட்டை எனக்குப் புரியவைத்தது மாட்ரிட் விபத்தின் ஆய்வறிக்கை. 2008 ஆகஸ்ட் 20. ஸ்பான்ஏர் நிறுவனத்தின் எம்டி-82 ரக விமானம், பராஹாஸ் நிலையத்திலிருந்து கிரான் கனாரியா தீவுக்குப் புறப்பட ஓடுபாதையின் விளிம்புவரை போய்த் திரும்பி வந்தது. வெளிக்காற்றின் வெப்பநிலையை அளக்கும் முனை அளவுமீறிச் சூடாகியிருந்தது. அந்த முனையில் பனி படியாமலிருக்க ஒரு சூடேற்றி உண்டு. அது பறக்கும்போது மட்டும் இயங்க வேண்டியது. தரையில் நிற்கும்போதே இயங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய நாளிலும் இதே கோளாறு பதிவாகியிருந்தது. தொழில்நுட்பப் பணியாளர் பட்டியலைப் பார்த்தார். வழியில் பனி படியும் சூழல் எதிர்பார்க்கப்படவில்லை, எனவே சூடேற்றி இல்லாமல் போகலாம். அதன் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து, அதற்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவைத்தார். விதிப்படி ஒத்திவைப்பு முடிந்தது.

விமானம் இரண்டாம் முறை புறப்பட்டது. மேலெழும்போது கூடுதல் தூக்குவிசை தரும் இறக்கை மடிப்புகளை விரிக்க விமானிகள் தவறிவிட்டார்கள். அப்படித் தவறினால் புறப்படும் வேகம் எடுக்கும்போதே அலற வேண்டிய எச்சரிக்கை ஒலி அன்று ஒலிக்கவில்லை. விமானத்தில் 172 பேர். 154 பேர் இறந்தார்கள்.

சூடேற்றி தரையில் இயங்கக் கூடாது என்று தடுப்பதும், எச்சரிக்கை ஒலி தரையில் இயங்க வேண்டும் என்று அனுமதிப்பதும் அந்த விமானத்தில் ஒரே ரிலேயின், அதாவது தானாக இயங்கும் ஒரு மின்விசையின், பொறுப்பு. விமானம் தரையில் இருக்கிறதா, வானில் இருக்கிறதா என்ற செய்தியை அந்த ரிலே பல அமைப்புகளுக்குக் கடத்துகிறது. அன்று அந்த ரிலேதான் பழுதாகியிருந்தது என்று ஆய்வாளர்களால் உறுதியாக நிறுவ முடியவில்லை. மடிப்புகளை விரிக்காதது விமானிகளின் தவறு என்பதும் மறுக்க முடியாதது. ஆனாலும் என்னால் அந்த இடத்தைக் கடந்து போக முடிவதில்லை. சூடேற்றி ஏன் தரையில் எரிகிறது என்ற கேள்விக்கு ஒத்திவைப்பில் இடமில்லை. சூடேற்றி அன்றைய பயணத்துக்குத் தேவையில்லை என்பது சரியான பதில். அது வேறொரு கேள்விக்கான பதில்.

விமானம் திரும்பி வந்தபோது அந்த விமானிகள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். தாமதம் ஏறிக்கொண்டிருக்கிறது. வெயில் காலம், பயணிகள் உள்ளேயே இருக்கிறார்கள். பணியாளர் வந்து, பார்த்து, பிரேக்கரை இழுத்து, போகலாம் என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்கும்போது உடம்பில் ஒரு தளர்வு வரும். நான் அதை அனுபவித்திருக்கிறேன். சிக்கல் முடிந்துவிட்டது என்று மனம் அடுத்த வேலைக்குத் தாவும். சிக்கல் அங்கேயே இருக்கும். அதைக் காட்டிய விளக்கு மட்டும் அணைந்திருக்கும்.

ஒத்திவைக்காமலே அறிகுறியோடு பறந்த கதையும் உண்டு. 2014 டிசம்பர் 28 அன்று சுரபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட ஏர்ஏசியா 8501, ஜாவா கடலில் விழுந்து 162 பேர் இறந்தார்கள். வால் சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையில் ஒரு பற்றவைப்பு விரிசல். அது தந்த எச்சரிக்கை முந்தைய 12 மாதங்களில் 23 முறை பதிவாகியிருந்தது. கடைசி மாதங்களில் இடைவெளி குறுகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் மீட்டமைத்தார்கள், சரியானது, பறந்தார்கள். விபத்து நாளில் அந்த எச்சரிக்கை நான்கு முறை வந்தது. நான்காம் முறைக்குப் பிறகு தானியங்கி விமானி விலகியது, விமானம் கைவிட்டுப்போனது. 23 பதிவுகளையும் ஒரே மனிதர் ஒரே நாளில் வாசித்திருந்தால் என்ன செய்திருப்பார்? பதிவேடு ஒன்றாகத்தான் இருக்கிறது, அதை வாசிக்கும் ஒவ்வொருவரும் தம் பயணத்துக்கான பக்கத்தை மட்டும் வாசிக்கிறோம். அதனால்தான் நான் பின்னோக்கிப் புரட்டுகிறேன். துணை விமானிகளிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.

கேப்டனாகி ஆறு மாதம்கூட ஆகாதபோது ஒரு விமானத்தை ஏற்றுக்கொண்டேன். எரிபொருள் பம்பு ஒன்று ஒத்திவைக்கப்பட்டிருந்தது. அதற்கான நடைமுறையை நான் வாசித்தேனா? வாசித்தேன். ஆனால் ஏற்றுக்கொண்டது அதனால் அன்று. எனக்கு முன் மூத்த கேப்டன் ஒருவர் அதே விமானத்தை நான்கு பயணங்கள் ஓட்டிவந்திருந்தார். அவர் ஓட்டினார், எனவே சரியாகத்தான் இருக்கும். அவ்வளவுதான் என் சிந்தனை. எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததால் அந்த நினைப்பு எனக்குள் இன்னும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

கிம்லி சம்பவத்தை நிறையப் பேர் அறிவார்கள். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் புத்தம்புதிய போயிங் 767, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு எஞ்சின்களும் அணைந்து, மிதந்து வந்து கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியது. 69 பேரும் உயிர் பிழைத்தார்கள். கிலோவையும் பவுண்டையும் குழப்பிக்கொண்டது பெரிதாகப் பேசப்படுகிறது: தேவை 22,300 கிலோ, தொட்டியில் இருந்தது 22,300 பவுண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அதற்கு முந்தைய கணம். எட்மன்டனில் ஒரு பணியாளர், எரிபொருளை அளக்கும் கருவியின் பழுதான தடத்துக்கு உரிய பிரேக்கரை இழுத்துவைத்து, மற்ற தடத்தால் அளவுகாட்டிகளை இயங்கவைத்திருந்தார். அது முறையான ஒத்திவைப்பு. மான்ட்ரியலில் இன்னொரு பணியாளர் சோதிப்பதற்காக அதே பிரேக்கரை உள்ளே தள்ளினார். இடையில் கவனம் சிதறி, மறுபடி இழுக்காமல் விட்டார். அளவுகாட்டிகள் இருண்டன.

கேப்டன் ராபர்ட் பியர்சனும் துணை விமானி மாரிஸ் குவின்டலும் வந்து பார்த்தபோது எல்லா அளவுகாட்டிகளும் இருண்டிருந்தன. பட்டியல்படி அந்த நிலையில் புறப்படக் கூடாது. ஆனால் விமானம் இதே நிலையில்தான் பறந்து வந்திருக்கிறது என்று பியர்சன் எண்ணிக்கொண்டார். விமானம் புதிது, பட்டியலே அடிக்கடி மாறிக்கொண்டிருந்தது, பராமரிப்புப் பிரிவு ஒப்புதல் அளித்தால் போதும் என்ற பழக்கம் வேறு. மிகத் திறமையான விமானி அவர். எஞ்சின் இல்லாத 767-ஐ இறக்கிக் காட்டியதே அதற்குச் சான்று. அத்தனை திறமை உள்ளவரும், தமக்கு முன்னால் யாரோ தீர்மானித்துவிட்டார்கள் என்று நம்பினார். என் பம்பு நாளில் நானும் அதையேதான் நம்பினேன்.

காரணம் முழுதும் தெரிந்திருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2007 ஜூலை 17, சாவ் பாவுலோவின் கொங்கோன்யாஸ் நிலையம். டாம் நிறுவனத்தின் ஏ320 விமானத்தில் வலது எஞ்சினின் எதிருந்து கருவி முறைப்படி செயலிழக்கவைக்கப்பட்டிருந்தது. இறங்கியபின் வேகத்தைக் குறைக்க உதவும் கருவி அது. ஒன்று இல்லாமலும் நிறுத்த முடியும். ஆனால் அன்று மழை. ஓடுபாதை நீளம் குறைந்தது, புதிதாகத் தளம் போட்டு நீர் வடியும் வரிப்பள்ளங்கள் இன்னும் வெட்டப்படாதது. அந்தப் பழுதோடு இறங்குவதற்கான நடைமுறையும் மாறியிருந்தது. பழைய முறையில் இயங்கும் எஞ்சினின் லிவரை மட்டும் பின்னுக்கு இழுக்க வேண்டும். புதிய முறையில் இரண்டையும். புதிய முறைக்கு இறங்கும் தூரக் கணக்கில் 55 மீட்டர் கூட்ட வேண்டும். ஈரமான, நீளம் குறைந்த ஓடுபாதையில் 55 மீட்டர் சிறிய எண் அன்று. தரை தொட்டபின் வலது லிவர் முன்னோக்கிய நிலையிலேயே இருந்ததாகப் பதிவுக் கருவி காட்டியது. வேகத்தைக் குறைக்க இறக்கையின் மேல் எழ வேண்டிய தடுப்புகள் எழவில்லை, ஓர் எஞ்சின் முன்னோக்கித் தள்ளிக்கொண்டேயிருந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 199 பேர் மாண்டார்கள். ஒரு தெளிவான ஒத்திவைப்பு, அன்றைய மழையையும் அன்றைய ஓடுபாதையையும் சந்தித்தபோது வேறொன்றாகிவிட்டது.

என் இரவுக்கு வருகிறேன். வழி உயர்ந்த மலைத்தொடரின் மேல். அதன் மேல் பனி படியும் மேகங்கள் இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னது. ஒரு பாக் ஏற்கெனவே இல்லை. மீதமிருப்பதும் நின்றால் அறையின் காற்றழுத்தம் போகும். 10,000 அடிக்கு இறங்க வேண்டும். மலையின் மேல் அந்த உயரத்துக்கு இறங்க இடமில்லை. இது ஒரு பக்கம். வலது எஞ்சினிலிருந்து வரும் காற்றே அளவுமீறிச் சூடாக வந்துதான் பாக் நின்றிருந்தால், அந்தக் காற்று முழுவதையும் இழக்கலாம். இறக்கையின் முன்விளிம்பில் பனி படியாமல் சூடேற்றுவதும் அதே காற்றுதான். ஏ.பி.யூ. இல்லை. அப்போது அழுத்தத்துக்கும் பனிக்கும் இடது எஞ்சினின் காற்று ஒன்றே கதி.

இதில் எதுவும் நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. நடந்தால் என் கையில் என்ன மிஞ்சும் என்று எண்ணினேன். துணை விமானியிடம் என் முடிவைச் சொல்லுமுன் அவர் கருத்தைக் கேட்டேன்; நான் முதலில் பேசிவிட்டால் அவர் எனக்கு ஒத்து ஊதும் வாய்ப்பு அதிகம். “மலையில்லாத வழியென்றால் போகலாம் என்பேன், கேப்டன்” என்றார். எனக்கும் அதுவே தோன்றியது.

இந்த விமானத்தை இந்த வழிக்கு ஏற்கவில்லை என்று இயக்கக் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் கடிந்து பேசவில்லை. “பட்டியலில் அனுமதி இருக்கிறதே, கேப்டன்” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். சில நொடி மௌனத்துக்குப் பிறகு, வேறு விமானம் பார்க்கிறேன் என்றார்.

கோபத்தைத் தாங்குவது எளிது. என்னைத் தளரவைப்பது அதன்பின் பயணிகளிடம் போய் நிற்பதுதான். அன்று ஒலிபெருக்கியில் பேசாமல் நேரில் போய்ச் சொன்னேன். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. எல்லாரையும் இறக்கி, இன்னொரு விமானத்தில் ஏற்றி, நான்கு மணி நேரத் தாமதத்தோடு புறப்பட்டோம்.

மூன்று நாள் கழித்து அதே பொறியாளரைச் சந்தித்தேன். சென்சாரின் இணைப்பியில் ஈரம் புகுந்து துருப்பிடித்திருந்ததாம். காற்று இயல்பான வெப்பத்தில்தான் வந்துகொண்டிருந்தது. அதாவது அன்றிரவு அந்த விமானம் மலையைக் கடந்து நலமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். என் முடிவால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இரவு முழுக்க அவதிப்பட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது. அதே இரவு, அதே பதிவேடு, அதே மலை மீண்டும் வந்தால் அதே முடிவைத்தான் எடுப்பேன். அன்று எங்கள் யாருக்கும் அது தெரியாது என்பதே நான் முடிவெடுத்த நிலைமை.

“எப்படி உறுதிசெய்தீர்கள்?” என்று கேட்டேன். முதலில் எஞ்சின் பக்கத்துக் காற்றின் வெப்பத்தை அளந்ததையும், அது சரியாக இருந்ததால் பாக்கின் உள்ளே போனதையும், இணைப்பியை அசைத்தபோது எச்சரிக்கை வந்து போனதையும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த விமானத்தில் மறுபடி போனபோது டெக் லாக்கைப் புரட்டி அந்தப் பதிவைத் தேடினேன். வழக்கமாக ஒரே வரியில் முடியும் இடத்தில், அவர் கையெழுத்தில் ஆறு வரிகள் இருந்தன.